ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடும் பருவம்: 14 வயதுக்குட்பட்ட மாணவியர் கால்பந்து அணியை ஆண்டு முழுவதும் ஆடவைப்பது எப்படி?

திடல்_ஆசிரியை | ஜூன்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவியரில் இருபதுக்கும் மேற்பட்டோர் இவ்வாண்டு கால்பந்துப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் இதற்கு முன் பந்தைக் காலால் உதைத்ததே இல்லை. கபடியிலும் கோ-கோவிலும் நல்ல ஓட்டம் உள்ளவர்கள் என்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

என் கவலையெல்லாம் நம் பள்ளிப் போட்டிகளின் அமைப்பைப் பற்றியது. முதலில் அக்கம்பக்கப் பள்ளிகள் மோதும் குறுவட்டம், அதில் வென்றால் மாவட்டம், அதற்கும் மேல் மாநிலம் என்று செல்லும் இந்தப் போட்டிகளில், தோற்ற அணி அப்போதே வெளியேறிவிட வேண்டும். ஜூனில் பயிற்சியைத் தொடங்கி, மழையிலும் வெயிலிலும் ஓடி, ஆகஸ்டில் குறுவட்டத்தின் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போகும் ஓர் அணிக்கு அந்தக் கல்வியாண்டின் கால்பந்து அத்துடன் முடிந்துவிடுகிறது. அன்று மாற்று வீராங்கனையாக வெளியே அமர்ந்திருந்த மாணவிக்கு ஒரு நிமிட ஆட்டம்கூட வாய்ப்பதில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது பயிற்சிக்கு வருவோரின் எண்ணிக்கை சரிந்துவிடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்தப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பிடிக்காமல் போய்விடவில்லை. அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லாதபோது எதற்காக மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும் என்று வீட்டில் கேட்டால், அவர்களிடம் சொல்வதற்குப் பதில் இல்லை.

எனவே, அருகிலுள்ள மூன்று பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுடன் பேசி, நான்கு அணிகள் கொண்ட ஒரு சனிக்கிழமை லீக்கை நடத்தத் திட்டமிட்டிருக்கிறேன். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் இரண்டு முறை மோதினால் ஒவ்வொருவருக்கும் 6 ஆட்டங்கள் உறுதியாகக் கிடைக்கும். மொத்தம் 12 ஆட்டங்கள். நான்கு பள்ளிகளும் நகரப் பேருந்து செல்லும் தடத்தில் இருப்பதால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு எங்கள் பயணச் செலவை முழுவதுமாகத் தீர்த்துவிடுகிறது. வேன் வாடகை என்ற ஒன்றினாலேயே முன்பு எத்தனையோ நட்பு ஆட்டங்கள் நடக்காமல் போயிருக்கின்றன. ஆட்ட விதிகள், ஆடும் நேரம், உடல்நலம் ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோல்கம்பம் | ஜூன்

நல்ல முயற்சி, டீச்சர். பல ஆண்டுகளாகப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பெண் பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்பும் பெற்றோரில் பெரும்பாலோர் சான்றிதழை எண்ணியே அனுப்புகிறார்கள். மாநில அளவில் ஆடிய சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுகிறது. பின்னாளில் காவல்துறை போன்ற பணிகளுக்கும் உதவுகிறது. அந்த வாய்ப்பு குறுவட்டத்தில் வெல்லும் அணிக்கு மட்டுமே திறக்கிறது. ஆகவே எல்லோருக்கும் சமமாக ஆட்ட நேரம் என்று தொடங்கி, திறமையான மாணவிகளின் வாய்ப்பைக் கெடுத்துவிட வேண்டாம். வலுவான பதினொருவரை ஜூலைக்குள் முடிவு செய்து, அவர்களைச் சேர்ந்தே ஆடவையுங்கள்.

இடதுகால் | ஜூன்

நான் பள்ளி நாட்களில் மாவட்ட அணி வரை ஆடியவள். கோல்கம்பம் ஐயா கூறும் சான்றிதழின் மதிப்பை நான் மறுக்கவில்லை. என் கல்லூரிப் படிப்பே அதனால் கிடைத்தது. ஆனால் பதினொருவரை ஜூலையில் முடிவு செய்துவிடுங்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பன்னிரண்டு வயதில் உயரமாகவும் வேகமாகவும் இருக்கும் பெண், பெரும்பாலும் மற்றவர்களைவிட முன்னதாகப் பருவமடைந்தவள். இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களும் வளர்ந்து அவளை எட்டிவிடுவார்கள். அதற்குள் வெளியே அமரவைக்கப்பட்ட சிறிய பெண்கள் விளையாட்டைவிட்டே போயிருப்பார்கள்.

கடலூர் மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த மாவட்டத்துக்காரர்தான். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் பட்டத்தைக் கைப்பற்றியபோது அவரும் அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டே மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் பட்டம் பெற்றது. மேல்மட்டத்தில் இவ்வளவு செழிப்பாக இருக்கும் மாநிலத்தில், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஓர் ஆட்டம் மட்டும் கிடைப்பது என்ன நியாயம்?

நெய்வேலி_நடுவர் | ஜூன்

விதிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இளையோர் ஆட்டங்களுக்குத் திடலின் அளவு, பந்தின் அளவு, கோல்கம்பங்களின் இடைவெளி, ஆட்ட நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளவும், வெளியே சென்ற வீராங்கனையை மீண்டும் களமிறக்கவும் ஆட்ட விதிகளே இடம் தருகின்றன. நீங்கள் நடத்துவது உங்களுக்குள்ளான லீக் என்பதால், நான்கு ஆசிரியர்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும்.

11 பேருக்குப் பதில் 9 பேர் ஆடட்டும். முழு அளவுக் கோல் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடையது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 9 பேர் ஆட்டத்துக்கு 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள கோலைப் பரிந்துரைக்கிறது. திடலும் ஏறத்தாழ 73 மீட்டர் நீளமும் 46 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் 4ஆம் எண் பந்தைப் பயன்படுத்துங்கள். 5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். நனைந்த மண் ஒட்டிக்கொண்டால் அதைத் தூக்கி உதைக்கும் வலிமை அந்தக் கால்களுக்கு இருக்காது. குறுவட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு மட்டும் பெரிய பந்துக்கும் முழுத் திடலுக்கும் மாறிக்கொள்ளலாம்.

மூட்டும்_தசையும் | ஜூலை

இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

முதலாவது, முழங்கால். பருவமடையும் வயதிலிருந்து பெண்களுக்கு ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடக் கூடுதல். குதித்துத் தரையிறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் உள்நோக்கி மடங்குவது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் முறை இதைத் தடுக்கவே உருவாக்கப்பட்டது. மெதுவான ஓட்டம், பிறகு முழங்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க், ஒற்றைக் காலில் நிற்றல், ஸ்குவாட், குதித்து இறங்குதல், கடைசியில் வேகமான ஓட்டம் என்ற வரிசையில் அது அமைந்திருக்கிறது. நார்வேயில் 2007ஆம் ஆண்டுப் பருவத்தில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 வீராங்கனைகளிடம் நடத்திய ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எந்தக் கருவியும் தேவையில்லை. பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தி, எதிரில் நிற்பவளின் முழங்கால் பாத விரல்களுக்கு நேராக இருக்கிறதா என்று ஒருத்தி மற்றொருத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இரண்டாவது, இரத்தச்சோகை. நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. உங்கள் அணியில் ‘சோம்பேறி’ என்று பெயரெடுத்த பிள்ளை ஒருத்தி இருந்தால், திட்டுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் மருத்துவர் கூறும் சிகிச்சையை எடுக்க வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வயிற்றைப் பிரட்டுகிறது என்று தூக்கி எறிகிறார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொன்னால் அந்தத் தொல்லை குறையும். மாத்திரை போட்ட உடனே தேநீர் வேண்டாம். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நல்லது.

ஒரு_தாய் | ஜூலை

என் மகள் ஏழாம் வகுப்பு. வேறு ஒரு பள்ளி அணியில் ஆடுகிறாள். ஆசிரியர்கள் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். அந்த அணிக்கு வெள்ளை நிற அரைக்கால்சட்டை கொடுத்திருந்தார்கள். மாதவிலக்கு நாட்களில் அவள் வயிற்றுவலி என்று சொல்லிப் பயிற்சிக்குப் போகாமல் இருந்தாள். உண்மையான காரணம் அந்த வெள்ளைத் துணி என்று எனக்கே பல வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்து மகளிர் அணியே இந்தக் கவலையைத் தெரிவித்து, 2023இல் வெள்ளையைக் கைவிட்டு நீல நிறத்துக்கு மாறியதாகப் படித்தேன். தயவுசெய்து கருநீலமோ கறுப்போ கொடுங்கள். உள்ளே முழு லெக்கிங்ஸ் அணிய விரும்பும் பிள்ளைகளை அப்படியே ஆடவிடுங்கள். பையில் கூடுதலாக நாப்கின் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அதை யாரும் கூசிக் கேட்க வேண்டியிருக்காது. பயிற்சி ஆறு மணிக்கு மேல் நீளாமல் இருந்தால் அப்பாக்களின் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும்.

நெய்வேலி_நடுவர் | ஜூலை

அம்மா கூறிய லெக்கிங்ஸ் பற்றி ஒரு விளக்கம்: உடை பற்றிய ஆட்ட விதி 4 அதற்கு இடமளிக்கிறது. அரைக்கால்சட்டையின் முதன்மை நிறத்திலோ அதன் கீழ்விளிம்பின் நிறத்திலோ அது இருக்க வேண்டும், அணியில் அதை அணியும் எல்லோருக்கும் ஒரே நிறமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கருநீலத்துக்குக் கருநீலம் என்று வாங்கிவிட்டால் எந்த நடுவரும் தடுக்க முடியாது.

திடல்_ஆசிரியை | செப்டம்பர்

உங்கள் ஆலோசனைகள் அனைத்துக்கும் நன்றி. கருநீல உடை வாங்கிவிட்டோம். ஐந்தே முக்காலுக்குப் பயிற்சியை முடிக்கிறோம். சத்துணவு அமைப்பாளர் அம்மாவின் உதவியால் முடிந்ததும் ஆளுக்கொரு கை சுண்டல் கிடைக்கிறது. ஹீமோகுளோபின் பரிசோதனையில் ஐந்து பிள்ளைகளுக்குக் குறைவு என்று தெரியவந்து, சிகிச்சை தொடங்கியிருக்கிறது.

குறுவட்டத்தில் முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாவதில் 0-3 என்று தோற்றோம். அந்த மூன்று கோல்களில் இரண்டு, எங்கள் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போனவை. அவள் ஏழாம் வகுப்பு. கைகளை முழுவதும் உயர்த்தி எம்பினாலும் குறுக்குக் கம்பத்தை அவள் விரல் தொடாது. எட்டாத பந்துக்கு ஏன் குதிக்க வேண்டும் என்று அவள் கோல் கோட்டிலேயே நின்றுவிட்டாள். எங்கள் லீக்கில் இப்போது மூங்கில் கழி நட்டு, 7 அடி உயரத்தில் கயிறு கட்டியிருக்கிறோம். முதல் சனிக்கிழமையே அவளிடம் மாற்றம் தெரிந்தது. எட்டும் என்ற நம்பிக்கை வந்ததும் கோட்டைவிட்டு முன்னேறி வரவும், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரிக்குப் பெயர் சொல்லிக் குரல் கொடுக்கவும் தொடங்கினாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எதையும்விட அந்தக் கயிறு அதிகமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் எல்லாப் பயிற்சியாளர்களும் அறிந்தது. பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லோரும் சர்க்கரையை மொய்க்கும் எறும்புகளாகப் போய்விடுகிறார்கள். ‘உன் இடத்தில் நில்’ என்று கத்தினால் அவர்கள் பயந்துபோய் நிற்கிறார்கள். அப்போது ஆடுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, சிறிய திடலின் நான்கு மூலைகளிலும் கோன் வைத்து நான்கு சிறு கோல்கள் அமைத்தேன். அணிக்கு நால்வராக இரண்டு அணிகள். ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்களைக் காத்து, மற்ற இரண்டில் கோல் போட வேண்டும். ஒரு மூலையில் கூட்டம் சேர்ந்தால் மறு மூலை காலியாக இருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மூவர் தன்னை நோக்கி வருவதைக் கண்டு, பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தி, திரும்பிப் பார்த்து, மறுபக்கம் தனியாக நின்றவளுக்குத் தட்டிவிட்டாள். அன்று மாலை முழுவதும் மற்றவர்கள் அதையே செய்து பார்த்தார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்று ‘அடி, அடி’ என்று கத்தினால், அந்தப் பெண் தலைநிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே பந்தை உதைத்துவிடுகிறாள். பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தலாம், கைதட்டலாம். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பெரும்பாலோர் ஒத்துழைக்கிறார்கள்.

கோல்கம்பம் | செப்டம்பர்

குறுவட்டத்தில் எல்லோரையும் இறக்கினீர்களா? இரண்டாவது ஆட்டத்தில் வலுவான அணி முழு நேரமும் ஆடியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்பதே என் கேள்வி. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது இந்தப் பிரிவில் கடைசி ஆண்டு அல்லவா?

திடல்_ஆசிரியை | செப்டம்பர்

நியாயமான கேள்வி, ஐயா. குறுவட்டத்தில் வலுவான பதினொருவரே தொடங்கினார்கள், தேவைப்பட்டபோதுதான் மாற்றினேன். லீக்கில் விதி வேறு. வந்திருக்கும் ஒவ்வொருத்தியும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும். ஒரு பாதி 25 நிமிடம் என்பதால் யாருக்கும் 25 நிமிடத்துக்குக் குறையாது. ஒரே இடத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து யாரும் ஆடுவதில்லை. இந்த இரண்டு விதிகளையும் ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லி, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டேன். குறுவட்டத்தில் ஆட வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகள் வருந்தினார்கள் என்பது உண்மை. ஆனால் அடுத்த சனிக்கிழமை தங்களுக்கு ஆட்டம் இருக்கிறது என்பது தெரிந்ததால் ஒருவர்கூடப் பயிற்சியைவிட்டு விலகவில்லை.

சான்றிதழைப் பற்றியும் யோசித்தேன். மாவட்டம் வரை செல்லும் அணியை ஆறு வார நாக்-அவுட் பயிற்சியால் உருவாக்க முடியும் என்று நான் நம்பவில்லை. 2022இல் நம் நாடே நடத்திய 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் இந்தியா அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றது. அந்தப் பெண்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. பதினோரு வயதிலிருந்து வாரந்தோறும் ஆட்டம் ஆடிப் பழகிய பிள்ளைகளை, முகாம்களில் மட்டும் தயாரிக்கப்பட்ட பிள்ளைகள் எதிர்கொண்டார்கள் என்பதே என் கணிப்பு.

இடதுகால் | செப்டம்பர்

நான் ஆடிய காலத்தில் குறுவட்ட அணியில் பதினான்காவது ஆளாக இருந்த தோழி ஒருத்தி என்னைவிட நன்றாகப் பந்தைக் கட்டுப்படுத்துவாள். அவளுக்கு ஒரு பருவம் முழுவதும் ஆட்டமே கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டாள். டீச்சர் சொல்வதைப் படிக்கும்போது அவள் நினைவுதான் வருகிறது.

வடலூர்_அப்பா | அக்டோபர்

என் மகள் டீச்சரின் லீக்கில் எதிரணியில் ஆடுகிறாள். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது; வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் என்ன செய்வீர்கள்? ஆண் பயிற்சியாளர் வரும் நாட்களில் பெண் ஆசிரியர் ஒருவர் உடன் இருப்பாரா என்பதையும் தெரிவித்தால் என் மனைவிக்கு நிம்மதியாக இருக்கும்.

திடல்_ஆசிரியை | அக்டோபர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் தருகிறேன். பெண் ஆசிரியர் ஒருவர் இல்லாமல் எந்தப் பள்ளியிலும் பயிற்சியோ பயணமோ நடக்காது என்று நால்வரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். செய்திகள் அனைத்தும் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே அனுப்பப்படும். எந்தப் பயிற்சியாளரும் மாணவிக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. இது குறித்து உங்கள் மனைவி எப்போது வேண்டுமானாலும் எங்களில் யாரிடமும் நேரடியாகப் பேசலாம்.

நவம்பரில் திடலில் தண்ணீர் நிற்கும் என்பதால் அப்போது ஆட்டங்கள் வைக்கவில்லை. நான்கு ஆட்டங்கள் அக்டோபருக்குள் முடிந்துவிடும். மீதி இரண்டும் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நடக்கும். மழை மாதங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும், பள்ளித் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் 11+ பயிற்சியும் சுவரில் பந்தைத் தட்டிப் பெறும் பயிற்சியும் நடக்கும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு அதையும் நிறுத்திவிடுவோம். படிப்புக்கு இடையூறு என்று ஒரு பெற்றோர் சொன்னாலும் அடுத்த ஆண்டு பத்துப் பிள்ளைகள் குறைவார்கள் என்பதை நான் அறிவேன்.

திடல்_ஆசிரியை | பிப்ரவரி

கடைசி இரண்டு ஆட்டங்களும் சென்ற மாதம் முடிந்தன. நாங்கள் இரண்டில் வென்று, இரண்டை டிரா செய்து, இரண்டில் தோற்று, மூன்றாம் இடம் பெற்றோம். வடலூர் அப்பாவின் மகள் ஆடிய அணிதான் முதலிடம். அவர்களுடைய நடுவரிசை ஆட்டம் பார்க்கவே அழகாக இருந்தது. எங்களில் ஜூனில் பெயர் கொடுத்தவர்களில் மூவர் மட்டும் இப்போது இல்லை. இருவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள், ஒருத்தி தடகளத்துக்கு மாறிக்கொண்டாள். இரத்தச்சோகைச் சிகிச்சை எடுத்த பிள்ளைகளில் ஒருத்தி, ஜூலையில் பத்து நிமிடம் ஓடி உட்கார்ந்துவிட்டவள், கடைசி ஆட்டத்தில் இரண்டு பாதியும் ஆடினாள்.

இப்போது எட்டாம் வகுப்பு மாணவியரைப் பற்றியே நால்வரும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு அவர்களில் பெரும்பாலோர் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போய்விடுவார்கள். அங்கே பதினொன்றாம் வகுப்பு அக்காக்களுடன் போட்டியிட்டுப் பள்ளி அணியில் இடம் பிடிப்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மிகவும் கடினம். பலர் விளையாட்டைக் கைவிடுவது அந்த ஆண்டில்தான். எனவே சனிக்கிழமை லீக்கின் வயது வரம்பை 15 ஆக உயர்த்தி, ஒவ்வோர் அணியிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் நால்வர் வரை ஆடலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மேலும் இரண்டு பள்ளிகள் சேர விரும்புகின்றன. ஆறு அணிகள் ஒருமுறை மோதினால் ஆளுக்கு 5 ஆட்டங்கள், இருமுறை மோதினால் 10. மழைக்காலத்தை விட்டால் பத்து சனிக்கிழமைகளைத் தேடிப் பிடிப்பது சிரமம் என்பதால், ஒரே நாளில் இரண்டு குறுகிய ஆட்டங்களாக வைக்கலாமா என்று யோசிக்கிறோம். இப்படி நடத்திய அனுபவம் உள்ளவர்கள், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் அந்த வயதுக்குத் தாங்குமா என்பதையும், இடையில் எவ்வளவு ஓய்வு விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூட்டும்_தசையும் அவர்களின் கருத்தைக் கேட்ட பிறகே அட்டவணையை இறுதி செய்வோம்.

மூட்டும்_தசையும் | பிப்ரவரி

ஒரு பாதி 15 நிமிடம் என்று குறைத்து, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் நிழலில் ஓய்வும், தண்ணீரும், வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுத்தால் தாராளமாக நடத்தலாம். முதல் ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். ஜூன், ஜூலையில் கடலூர் வெயில் குறையாது என்பதால், அந்த மாதங்களில் மட்டும் ஒரு நாளைக்கு ஓர் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.